நேர்ந்த கொப்பு

எங்கள் ஊரில் ஒருவன் புதுத் தொழில் தொடங்கினால் ஒரு வருஷத்துக்கு அவனைச் சிரித்தே கொல்வார்கள். அதற்கும் தாக்குப்பிடித்து நின்றால் பிறகு வேலைக்குக் கூப்பிடுவார்கள். உதயரூபன் கட்டாரிலிருந்து வந்து, இடுப்பில் அகலமான பட்டி கட்டி, தலையில் மஞ்சள் தொப்பி போட்டு, தோளில் கயிற்றுச் சுருளோடு முதன்முதல் ஒரு மாமரத்துக்குக் கீழே போய் நின்ற அன்று அரை ஊர் வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தது. "தம்பி, மரத்துக்கா ஏறப்போறாய், சந்திரனுக்கா?" என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் எப்படி இருப்பது? அந்தக் கோலம் அப்படி.

ஆள் ஆரையம்பதிக்காரன், மீன்பிடிக் குடும்பம். பழுகாமத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் கஜானியைக் கட்டி, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிவந்தவன். கட்டாரில் ஒரு கம்பனியில் பேரீச்சமரம் துப்புரவாக்கும் வேலை பார்த்தான். எங்கே வெட்டினால் மரம் ஆறும், எங்கே வெட்டினால் உக்கும் என்பதெல்லாம் அங்கே படித்ததுதானாம். தோணியில் வளர்ந்தவனுக்குக் கொப்பில் என்ன வேலை என்று ஊர் கேட்டது. அவன் சிரித்துக்கொண்டே கயிற்றை எறிந்தான்.

மரம் வெட்ட ஆள் எங்கும் உண்டு. ஒரு கத்தியும் ஒரு போத்தலும் கொடுத்தால் மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். உதயரூபன் செய்தது வேறு. கூரைக்கு மேலே வந்த கொப்பை ஓடு உடையாமல் கயிற்றில் இறக்குவான், காய்ந்ததை எடுப்பான், தென்னையின் தலையைத் துப்புரவாக்குவான், காற்றுக்கு முன் மரத்தின் பாரத்தைக் குறைப்பான். "இந்த மரத்த வெட்டத் தேவல்ல, விடுங்க" என்று சொல்லிக் கைக்கு வந்த வேலையையும் கெடுத்துக்கொள்வான். கடைசியில் சொன்னதைத்தான் அதிகம் செய்தான்.

கஜானிக்கு ரெண்டு வேலை. ஒன்று டெலிபோன். மற்றது கயிறு. மேலே கொப்பில் கயிற்றைக் கட்டி, கவட்டுக்கு மேலால் போட்டுக் கீழே விடுவான். அவள் அதை இன்னொரு மரத்தின் அடியில் ரெண்டு சுற்றுச் சுற்றி வாலைப் பிடித்துக்கொள்வாள். இலைக்குள் நிற்பவனுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. "கயிறு?" என்று கேட்பான். "புடிச்சிட்டன்" என்று அவள் சொன்னால்தான் வெட்டு விழும். கயிறு பிடிக்கிற ஆள் வாய் திறக்காவிட்டால் பொழுது படும்வரை கொப்பில் குந்தியிருப்பானே தவிர வெட்டமாட்டான். புருசனும் பெண்சாதியும் சண்டை பிடித்துக்கொண்டு வந்த நாளிலும் அந்த ஒரு வார்த்தை மட்டும் தவறியதில்லை.

வெட்டியதை அள்ளிக்கொண்டு போவது பெட்டி பூட்டிய என் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின். முறைக்கு நான் கஜானிக்கு மாமா. அவனும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். அதனால் இந்தக் கதையில் நடந்ததெல்லாம் என் கண் பார்க்க நடந்தது.

மரத்தோடு மாரடிப்பது லேசு, மனிசரோடுதான் கஷ்டம். டவுனில் மொறிஸ் ஐயா வீட்டுக்கு ஈரப்பலாவைப் பார்க்கப் போன கதையைச் சொன்னால் விளங்கும். மொறிஸ் பறங்கியர், தச்சுப் பட்டறை வைத்திருந்த மனிசர். கேற்றைத் திறந்ததும் திறக்காததுமாகத் தொடங்கிவிட்டார்.

"இத அடியோட எடுத்துரு தம்பி. கூரைப் பீலி நிறைய இலை. மழை பெஞ்சாத் தண்ணியெல்லாம் ஹோலுக்குள்ள."

உதயரூபன் மரத்தைச் சுற்றி வந்தான். அடியைத் தட்டிப் பார்த்தான். அண்ணாந்து கொஞ்ச நேரம் நின்றான்.

"மரம் நல்ல சுகமா நிக்கிது ஐயா. கூரைப் பக்கத்துக் கொப்பு ரெண்டையும் எடுத்தாக் காணும்."

"நான் வெட்டச் சொல்றன், நீ மரத்துக்கிட்டச் சுகம் விசாரிக்கிறாய்!"

உள்ளே இருந்து அவர் மனைவி றீட்டா தேத்தண்ணியோடு வந்தார். "மரத்த வெட்டிப்போட்டு ஈரப்பலாக்காய்க் கறிக்கு எங்க போவீங்க? நேத்தும் ரெண்டாந்தரம் கேட்டுப் போட்ட வாய் ஆர்ர வாய்?"

"அது வேற கதை றீட்டா."

"கதை வேறதான். வாய் ஒண்டுதான்."

மொறிஸ் தலையைச் சொறிந்தார். "சரி, ரெண்டு கொப்பு. ஆனா கச்சான் காத்துக்கு முந்தி வந்திரோணும். கூரையில விழுந்தா ஒன்னத்தான் புடிப்பன்."

"ஓம் ஐயா. வைகாசி பொறந்த உடன வாறம்" என்றாள் கஜானி. நாள் கொடுப்பது அவள் பொறுப்பு.

இப்படித்தான் ஒவ்வொரு வளவும். ஒரு வீட்டில் மரத்தில் முசுறு. கடித்தால் உடம்பு முழுக்கத் தணல். இன்னொரு வீட்டில் குளவி. இன்னொரு வீட்டில் கொப்பு நம்முடையது, அது விழும் வளவு அடுத்தவனுடையது, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "அந்தக் கொப்போட இந்தக் கொப்பையும் தட்டிவிடு தம்பி" என்று அவன் இறங்கிக் கயிற்றைச் சுருட்டிய பிறகு சொல்கிறவர்களை என்ன செய்யலாம்? பின்னேரம் வீட்டுக்கு வந்தால் மெசின் வாளின் சங்கிலிப் பல்லை ஒவ்வொன்றாக அரத்தில் தீட்ட வேண்டும். சித்திரை முடியும்போது ஊருலகத்துக்கெல்லாம் ஒரே நாளில் மரத்தின் ஞாபகம் வரும். கஜானியின் டெலிபோன் அடுப்பில் வைத்த கேத்தலாகக் கத்திக்கொண்டிருக்கும்.

இனி புஸ்பம் அக்காவுக்கு வருவோம். கஜானியின் தாய். வீடு மகளுக்குச் சீதனமாகப் போனபின், வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் குசினி வீட்டில் இருந்தாள். அவள் மருமகனோடு நேரே கதைப்பதில்லை. இந்தக் காலத்தில் ஆர் இதெல்லாம் பார்க்கிறார்கள்? எங்கள் ஊரிலேயே மாமியும் மருமகனும் ஒரே மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போகிறார்கள். அக்கா மட்டும் தன் தாய் எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள். மகள் நின்றால் மகளிடம் சொல்லுவாள். மகள் இல்லாவிட்டால் முற்றத்துக் கட்டையில் கட்டியிருக்கும் ஆட்டிடம் சொல்லுவாள்.

"ஆடே, மீன் ஆணம் சட்டிக்குள்ள கிடக்கு. சூடாற முந்தித் திண்டா நல்லம்."

ஆடு காதை ஆட்டும். உதயரூபன் போய்ச் சட்டியைத் திறப்பான்.

"ஆடே, மழை வரப்போகுது. மெசின வெளியில வெச்சிரிக்கிற ஆக்கள் உள்ளுக்க எடுத்தா நல்லம்."

அவன் ஓடிப்போய் எடுப்பான். நான் சிரித்துச் செத்திருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் அது சிரிப்பில்லை, அதுதான் மரியாதை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆடு நின்றது, அவ்வளவுதான்.

போன மாரியில் அந்த ஆட்டுப் பேச்சுத்தான் வினையானது. மழை விட்ட ஒரு பின்னேரம் அக்கா ஆட்டுக்குச் சொன்னாள்: "ஆடே, முருங்கை முத்திப்போகுது. ரெண்டு காய் ஆஞ்சா இறால் போட்டுச் சமைக்கலாம்." உதயரூபன் அப்போதுதான் வேலையால் வந்து பட்டியைக் கழற்றி வைத்திருந்தான். முருங்கைக்கு ஆராவது பட்டி கட்டுவார்களா? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். முருங்கைக் கொப்பின் குணம் தெரியும்தானே, மளுக்கென்று முறிந்தது. அவன் விழுந்தது கிணற்றுக் கட்டின் மேல். இடுப்பெலும்பு போய்விட்டது.

வானம் முட்டும் தென்னையெல்லாம் ஏறி இறங்கினவன் முருங்கையில் விழுந்தான் என்று ஊர் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியால் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியபோது டொக்டர் நடப்பான் என்றும் சொல்லவில்லை, நடக்கமாட்டான் என்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரமே அக்கா கத்தியை எடுத்து அந்த முருங்கையை அடியோடு கொத்திச் சாய்த்தாள். அவன் கிடந்த மாசமெல்லாம் நண்டுச் சாறும் ஆட்டுக்கால் சூப்பும் குசினி வீட்டிலிருந்து மகள் கையில் வந்துகொண்டிருந்தன. அவள் மட்டும் அந்தக் கட்டில் இருந்த அறைப் பக்கம் வரவில்லை.

மாசியில் தடியோடு நடந்தான். பங்குனியில் தடியை எறிந்தான். சித்திரையில் திரும்பவும் பட்டி கட்டினான். இவ்வளவும் சுகமாகத்தான் போனது.

சித்திரைக் கடைசியில் அக்கா தன் தங்கச்சியைப் பார்க்க வாழைச்சேனைக்குப் போனாள். அவள் பஸ் ஏறியதும் உதயரூபன் என்னிடம் வந்தான்.

"மாமா, நாளைக்கு லாண்ட்மாஸ்டர் வேணும். எங்கட வளவுப் பூவரச எள்ளுப்போலத் திருத்தப் போறன். மாமி வாறதுக்குள்ள முடிச்சிரோணும்."

"என்ன திடீரெண்டு?"

"கடையடியில ஒரே நக்கல். ஊரான்ட மரத்தையெல்லாம் சோடிக்கிறான், மாமியார்ர மரம் கூரையில படுத்துக் கெடக்காம். மாமி வந்து பாத்தாச் சந்தோசப்படுவா."

அந்தப் பூவரசு அடியில் ரெண்டாகப் பிரிந்த மரம். ஒரு பக்கம் தூணாக நேரே மேலே போனது. மற்றது கோணிக் குசினிக் கூரைக்கு மேலால் போனது. நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கோணலைத் தட்டியிருப்பேன். அவன் நேராக நின்றதில் ஏறினான்.

"அடேய், நல்ல கொப்பையா வெட்டுறாய்?" என்று கத்தினேன்.

"நேரா நிக்கிது எண்டு நம்பப்படா மாமா. இஞ்ச வந்து பாருங்க, மூட்டுக்குள்ள பட்டை மடிஞ்சு கிடக்கு. ஒட்டே இல்ல. கச்சான் ஒரு தரம் புடிச்சு உலுக்கினாப் பிளந்து கூரையில இரிக்கும். அந்தக் கோணலுக்கு மூட்டு இரும்பு. நுனியக் குறைச்சா அது கிழவனாகு மட்டும் நிக்கும்."

"கயிறு?" என்றான். "புடிச்சிட்டன்" என்றாள் கஜானி. பின்னேரத்துக்குள் நேர்க்கொப்பு துண்டு துண்டாக என் பெட்டியில் கிடந்தது. அதில் ரெண்டு துண்டை என் வேலிக்குக் கதியாலாக நட்டேன். மரம் காற்றோட்டமாக, உண்மையாகவே வடிவாக நின்றது. அவன் தொழிலில் ஒரு பிழையும் சொல்ல முடியாது.

மறுநாள் மத்தியானம் அக்கா பஸ்ஸால் இறங்கிக் கருவாட்டுப் பையோடு வந்தாள். படலையைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பை கையிலிருந்து நழுவியது. உதயரூபன் பள்ளிக்கூடப் பிள்ளை பரிசு வாங்க நிற்பதுபோல முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். அக்கா மரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், குசினி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஆட்டிடம்கூட ஒரு வார்த்தை இல்லை.

அன்றிரவு அவள் சமைக்கவில்லை. மகள் கொண்டுபோன சோற்றைத் தொடவில்லை. விடிய உதயரூபன் மொறிஸ் ஐயா வீட்டுக்கு வெளிக்கிட்டால் பட்டியைக் காணவில்லை.

பட்டி இல்லாமல் அவன் ஏறமாட்டான். முருங்கை படிப்பித்த பாடம் அது. வீட்டைக் கிண்டினார்கள், கட்டிலைப் புரட்டினார்கள், கிணற்றுக்குள் பாதாளக் கரண்டி விட்டுப் பார்த்தார்கள். இல்லை. மொறிஸ் டெலிபோன் எடுத்தார். கஜானி "ஆளுக்குக் காய்ச்சல் ஐயா" என்றாள். அடுத்த நாளும் எடுத்தார். "இன்னும் விடல்ல ஐயா." காற்று இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிற காலம். வேலைக்கு ஆள் ஆளாகக் கூப்பிடுகிறார்கள், இவர்கள் வீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். கடைசியில் கஜானி கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, அம்மாதான் ஒளிச்சிரிக்கா. எனக்கு நல்லாத் தெரியும். கேட்டா வாய் திறக்கிறாவில்ல, ஒண்டும் தின்னுறாவும் இல்ல. அவர் எண்டா, 'மாமிக்கு என்னப் புடிக்கல்ல, நாம ஆரையம்பதிக்குப் போவம்' எண்டு நிக்கிறார். நீங்க வந்து ஒருக்காக் கேளுங்க."

எனக்குச் சரியான கோபம் வந்தது. ஒரு மரக்கொப்புக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நேரே போய்க் குசினி வீட்டுக் கதவைத் தள்ளினேன். அக்கா அடுப்படியில் சுவரில் சாய்ந்து இருந்தாள். அடுப்பில் பூனை படுத்திருந்தது.

"என்னக்கா இது? பட்டிய எங்க ஒளிச்ச?"

"எந்தப் பட்டி?"

"சொல்லு. இல்லாட்டி ஆட்டுக்கிட்டக் கேட்டுக்கொள்றன்."

வழக்கமாக இப்படிச் சொன்னால் அகப்பையால் எறிவாள். அன்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் குந்தினேன்.

"அவன் வெட்டினது அம்மாளுக்கு நேர்ந்த கொப்புடா தம்பி" என்றாள்.

எங்கள் கண்ணகையம்மன் கோயில் வருஷத்தில் வைகாசியில் மட்டும்தான் கதவு திறக்கும். அந்தச் சடங்கில் அம்மாளின் கலியாணத்துக்கு, பந்தல்கால் மாதிரி, ஒரு கால் நடவேண்டும். ஊரில் ஆராவது ஒருவர் வளவுப் பூவரசில் ஒரு கொப்பை எடுத்து, பட்டுச் சுற்றி, பறையும் குரவையுமாகக் கொண்டுபோய் நடுவார்கள். என் வளவில் கால் எடுக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு. அதை முன்கூட்டி வெளியில் சொல்லமாட்டார்கள், சொன்னால் பலிக்காது. கோயிலில் பூசை செய்யும் கட்டாடியாரின் காதில் மட்டும் போட்டு வைப்பார்கள்.

"எப்ப நேர்ந்த?"

"அவன் கட்டில்ல கிடக்கக்குள்ள. நான் முருங்கைக்காய்க்கு ஆசைப்பட்டுத்தானே அவன் ஏறின? என்ட வாய்தானே அவன விழுத்தின? தாயே, இந்தப் பொடியன எழுப்பி நடக்க வை, என்ட வளவுல உனக்குக் கால் தாறன் எண்டு நேர்ந்த. அவ எழுப்பித் தந்திட்டா. நான் குடுக்கல்ல. இனி அவ சும்மா இருப்பாவா? தந்தத எடுத்திட்டா? அவன் நாளைக்கும் மரத்தில ஏறப்போறான் தம்பி. பட்டி இல்லாட்டி ஏறமாட்டான். அதுதான் ஒளிச்ச."

"ஆட்டுக்கு ஆயிரம் சொல்றாய். இத ஒரு வார்த்தை அவனுக்குச் சொல்லியிருந்தா?"

"நேர்த்தியச் சொல்றதா? மறுகா, நான் எப்படா அவனோட கதைச்ச?"

நான் எழும்பி வந்து முன்வீட்டில் இருந்த ரெண்டு பேருக்கும் சொன்னேன். நேர்த்தி குலைந்த பிறகு அதில் என்ன ரகசியம்? உதயரூபன் கேட்டுக்கொண்டிருந்தவன் மெல்லக் கதிரையில் குந்தினான்.

"எனக்காகவா?" என்றான்.

"பின்ன எனக்காகவா?" என்றேன்.

"நான் மாசக்கணக்காக் கிடந்து திண்டன் எண்டு மாமிக்கு என்னில வெறுப்பு எண்டுதான் இவ்வளவு நாளும் நெனச்ச. ஒரு நாளும் வந்து எட்டிப் பாக்கல்லயே எண்டு…"

"நெனப்பீங்க!" என்று கஜானி அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வந்து பாத்திருந்தா அவ கத்தி அழுதிருப்பா. மருமகனுக்கு முன்னால அழுறதா?" அடித்தவளே பிறகு அழுதாள். அவன் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கையால்தானே வெட்டினான்.

பின்னேரம் நாங்கள் போய்க் கட்டாடியாரைக் கூட்டிவந்தோம். வெற்றிலை மென்று சிவந்த வாயும் கட்டைக் குடுமியுமாக, எதற்கும் பதறாத மனிசர். மரத்தைச் சுற்றி வந்தார். கோணிக்கொண்டு கூரைக்கு மேலே போன கொப்பை நெடுநேரம் பார்த்தார்.

"நேர்க்கொப்பு இல்லாட்டிச் சரிவராதா ஐயா?" என்று உதயரூபன் கேட்டான்.

"வளைஞ்ச இடத்துக்கு அங்கால நேராத்தானே போகுது? அந்தத் துண்டு காணும். அம்மாள் மரத்துட முழு நீளத்தையுமா கேட்டவ?" கட்டாடியார் துப்பினார். "வில்லங்கம் அதில்ல. கால் மண்ணில படப்படா. கூரையிலயும் படப்படா. பட்டா அது கால் இல்ல, விறகு. மெசின் புடிக்கப்படா. நேர்ந்த ஆள்ர கையாலதான் இறங்கோணும். கூரைக்கு மேல தொங்குறத அப்பிடி இறக்க நம்மட ஊருல ஆருக்கு ஏலும்?"

எல்லாரும் உதயரூபனைப் பார்த்தோம்.

குசினி வீட்டு வாசலிலிருந்து சத்தம் வந்தது. "ஆடே! அவன் ஏறப்படா! வேற ஆரும் ஏறட்டும்!"

"வேற ஆரு ஏறினாலும் கூரையிலதான் போடுவான் புஸ்பம்" என்றார் கட்டாடியார்.

"அப்ப எனக்குக் கால் குடுக்கத் தேவல்ல!"

"நேர்ந்தது நீ. வேணாம் எண்டு திருப்பிக் குடுக்க இதென்ன கடைச் சாமானா?"

பாவம், அவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காலைக் கொடுக்காவிட்டால் அம்மாள் அவனை எடுத்துவிடுவாள் என்று பயம். கொடுப்பதென்றால் அவன்தான் அந்தக் கொப்பில் ஏறவேண்டும். ரெண்டு பக்கமும் அவனுடைய உயிர்தான் நின்றது. வாசலில் நின்றவள் உள்ளே போய்விட்டாள்.

கால் வெட்டும் நாள் விடிந்தபோது பட்டி ஆட்டுக்கட்டையில் தொங்கியது. அதன் மடிப்பெல்லாம் நெல் உமி. நெல்லுப் பெட்டிக்குள் புதைத்து வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. கஜானி அதைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு தையலாக இழுத்துப் பார்த்து, புருசனின் இடுப்பில் தானே கட்டிவிட்டாள்.

பறை முழங்கக் கோயில் சனம் வந்தது. வளவு கொள்ளவில்லை. பெண்கள் குரவை போட்டார்கள். கூட்டத்துக்கு மிரளும் என்று ஆட்டை என் வளவில் கொண்டுபோய்க் கட்டியிருந்தோம். கட்டாடியார் மரத்தின் அடிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைத்து, கத்தியை மரத்தில் தொட்டு உதயரூபனின் கையில் கொடுத்தார். ஈர வேட்டிக்கு மேலே பட்டியும், தலையில் அந்த மஞ்சள் தொப்பியுமாக அவன் நின்றான்.

"தொப்பி எதுக்கு?" என்றார் கட்டாடியார்.

"அம்மாளுக்குத் தொப்பியில கோவம் இல்ல ஐயா" என்றாள் கஜானி.

அவன் ஏறினான். இடுப்பு இன்னும் முழுசாக வளையவில்லை, வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைத்தான். அது எனக்கே தெரிந்தது என்றால் அக்காவுக்குத் தெரியாமலா? அவள் தென்னை அடியில் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு, அவன் கால் வைத்த ஒவ்வொரு இடத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் கஜானி.

"ரெண்டு சுத்துச் சுத்தியிரிக்கு அம்மா. பாரம் தென்னையிலதான். நான் சொல்லக்குள்ள எள்ளுப்போல இளக்கினாக் காணும்."

மேலே இலைக்குள் அவன் மறைந்தான். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "கயிறு?"

பறை முழக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை போல. "கயிறு?" என்று திரும்பக் கேட்டான். கட்டாடியார் கையை உயர்த்தினார். பறை நின்றது. கஜானி வாயைத் திறந்தாள்.

"நீ இல்ல. நேர்ந்த ஆள் சொல்லட்டும்" என்றார்.

அக்கா திரும்பி ஆட்டுக்கட்டையைப் பார்த்தாள். ஆடு இல்லை. ஊர் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. மேலே அவனும் வெட்டாமல் இருந்தான். அவன் வெட்டமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"புடிச்சிட்டன் மனே!" என்றாள்.

குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் கூரைக்கு மேலே போனது. இலைக்குள்ளிருந்து "ஓம் மாமி" என்று கேட்டது. கத்தி விழத் தொடங்கியது.

கொப்பு முறிந்து கயிற்றில் தொங்கி ஒரு பக்கமாக வீசியபோது என் கண்ணை மூடிக்கொண்டேன். ஓட்டுக்கு ஒரு சாண் மேலே அது நின்றது. "எள்ளுப்போல, அம்மா, எள்ளுப்போல" என்று கஜானி சொல்லச் சொல்ல அக்கா கயிற்றை விட்டாள். கூரையைத் தாண்டி, சனத்தின் தலைக்கு மேலே வந்து, நீட்டிய கைகளுக்குள் அது இறங்கியது. மண்ணில் ஒரு இலைகூடப் படவில்லை. பட்டுத் துணியைச் சுற்றினார்கள். குரவை காதைப் பிளந்தது. பறையோடு சனம் படலையால் வெளிக்கிட்டது.

"புஸ்பம், வா, நேர்ந்த ஆள் முன்னுக்கு வரோணும்" என்று கட்டாடியார் கூப்பிட்டார்.

அக்கா அசையவில்லை. நேர்த்தியைக் கொடுத்துவிட்டாள், கொப்பு போய்விட்டது, கயிற்றின் மறுமுனையில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் ரெண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதயரூபன் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிக்கொண்டிருந்தான். வலது கால் ஒரு கணம் வழுக்கித் திரும்பப் பிடித்தது.

"பாத்து இறங்குடா மனே!" என்று அக்கா ஊர் கேட்கக் கத்தினாள். "விழுந்து கிழுந்து தொலைச்சிராத! இனி நேர்றதுக்கு என்னட்ட வேற மரம் இல்ல!"